பைக்கில் போகும்போது பளிச்சென்று தெரிய என்ன வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரைடிங் பொருள்களைப் பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. சட்டைக்கு மேல் போடும் கையில்லாத மஞ்சள், ஆரஞ்சு மேலாடையை வெஸ்ட் என்றும், உள்ளே பேடு வைத்த முழுக்கை உடையை ரைடிங் ஜாக்கெட் என்றும் எழுதியிருக்கிறோம். கடையில் இரண்டையும் ஜாக்கெட் என்றே கேட்கிறார்கள், அதனால்தான் பாதிக் குழப்பம்.

மஞ்சள் கலரே பளபளன்னு இருக்கு. ராத்திரியும் தெரியும்தானே? அப்புறம் எதுக்கு அந்தச் சாம்பல் பட்டை?

ராத்திரி தெரியாது. அந்த மஞ்சள் துணியில் ஃப்ளோரசென்ட் சாயம் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் வாங்கி, கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் பச்சையாகத் திருப்பி விடுவதுதான் அதன் வேலை. அதனால்தான் பகலிலும், மேகமூட்டத்திலும், விடியற்காலை மற்றும் அந்தி மங்கலிலும் மற்ற நிறங்களைவிட அது தூக்கலாகத் தெரிகிறது. இருட்டிவிட்டால் வாங்குவதற்குப் புற ஊதாக் கதிர் இல்லை. பழைய சோடியம் தெருவிளக்கின் கீழே அது சாதாரண வெளிர் துணிதான். எல்.இ.டி. விளக்கில் நீல ஒளி இருப்பதால் கொஞ்சம் தேறும், ஆனால் அதை நம்பிக் கிளம்ப முடியாது.

சாம்பல் பட்டைக்கு வேறு வேலை. அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ நுண்ணிய பிரிசங்களோ பதித்திருப்பார்கள். எந்தத் திசையிலிருந்து விளக்கு அடிக்கிறதோ அதே திசைக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அது எரிகிற மாதிரி தெரியும். பக்கத்தில் நடந்துபோகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பகலுக்குத் துணி, இரவுக்குப் பட்டை. நீங்கள் எந்த நேரத்தில் அதிகம் ஓட்டுகிறீர்களோ அதற்கேற்ற பொருளில் காசைப் போடுங்கள்.

இப்போ வர்ற வண்டியில ஹெட்லைட் அணையவே அணையாது. அதுக்கு மேல இதெல்லாம் வேணுமா?

2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்வரை ஹெட்லைட் எரியும். அது முன்பக்கத்துக்குப் பெரிய உதவி. உண்மையில் இரவில் எதிரே வருபவருக்கு உங்கள் ஹெட்லைட்தான் தெரியும், அந்தக் கூச்சத்தில் நெஞ்சில் இருக்கும் பட்டை காணாமல் போய்விடும். வெஸ்ட்டுக்கு இரவில் வேலை முதுகில்தான்.

பின்னால் உங்களுக்கு இருப்பது சின்ன டெயில் லாம்ப். அது சேறு படிந்தோ பல்பு போயோ இருந்தால் நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள். 80 கி.மீ. வேகத்தில் வரும் காரை நிறுத்த, டிரைவர் சுதாரிக்கும் ஒன்றரை நொடிக்கு 33 மீட்டர், பிரேக் பிடிக்க 40 மீட்டருக்கு மேல், மொத்தம் 75 மீட்டராவது வேண்டும். டிம் லைட்டில் கருப்புச் சட்டை அதில் பாதித் தூரத்தில் தெரிந்தாலே அதிகம். நல்ல பட்டை 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே பளிச்சிடும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது.

மஞ்சளா ஆரஞ்சா? எது எடுப்பா தெரியும்?

பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மஞ்சள் கலந்த பச்சைக்குத்தான் அதிகம் கூர்மை. நகரத்தில் கட்டடம், தார், கருப்பு வெள்ளைக் கார்களுக்கு நடுவே அதுவே சரி. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் இரண்டு புறமும் நடவு வயல் இருக்கும் ரோட்டில் தினமும் போகிறவர் ஆரஞ்சு எடுக்கலாம், ஏனென்றால் பச்சைப் பின்னணியில் மஞ்சள் பச்சை கரைந்துவிடுகிறது.

தெரிவது நிறத்தால் மட்டும் இல்லை, பின்னணியோடு அது எவ்வளவு மாறுபடுகிறது என்பதால். இஸ்ரேலில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நகரத்துக்குள் பட்டை வைத்த உடையும் வெள்ளை உடையும் எடுப்பாகத் தெரிந்தன. வானம் பின்னணியாக இருந்த திறந்த நெடுஞ்சாலையிலோ கருப்பு உடைதான் முந்தியது. இதற்காகக் கருப்பு வாங்க வேண்டாம், ஊருக்குள் நுழைந்ததும் கணக்கு மாறிவிடும். நெஞ்சில் மஞ்சள், தோளில் ஆரஞ்சு என்று இரண்டும் கலந்த வெஸ்ட் கிடைக்கிறது. எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

ஹார்டுவேர் கடையில நூறு ரூபாய்க்குத் தர்றான், ரைடிங் கடையில எழுநூறு எண்ணூறு சொல்றான். அப்படி என்ன வித்தியாசம்?

மூன்று இடத்தில் வித்தியாசம்: பட்டையின் அகலம், பட்டையின் தரம், துணியின் கனம். மலிவு வெஸ்ட்டில் பெரும்பாலும் ஒரு இன்ச் பட்டை இருக்கும். தரச் சான்று பெற்றவற்றில் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு இன்ச். துணி 60 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) என்றால் கொசுவலை மாதிரி தொங்கும், சில மாதத்தில் தையல் விட்டுவிடும். 120 ஜி.எஸ்.எம். பின்னல் துணி காற்றில் அவ்வளவு அடித்துக்கொள்ளாது.

கடைக்கு ஒரு இன்ச் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். ஐரோப்பியத் தரமான ஈ.என். ஐ.எஸ்.ஓ. 20471-இன் இரண்டாம் வகுப்புக்கு 0.13 சதுர மீட்டர் பட்டை தேவை. இரண்டு இன்ச் பட்டையில் அது 2.6 மீட்டர் நீளம் வரும். இடுப்பைச் சுற்றி இரண்டு வளையம், இரண்டு தோளிலும் முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு பட்டை இருந்தால் அந்த அளவு சுலபமாக வந்துவிடும். ஒரே ஒரு வளையமும் ஒரு இன்ச் பட்டையுமாக இருந்தால் அரை மீட்டர், ஒரு மீட்டர்தான் கணக்கில் வரும். எழுநூறு ரூபாய்க்கு விற்பதிலும் இப்படி இருக்கிறது, ஆகவே விலையைப் பார்க்காமல் அளந்து பாருங்கள்.

அந்தப் பட்டை ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு கடையிலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போன் டார்ச்சைப் போட்டு, போனை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப் பொட்டோடு ஒட்டிப் பிடியுங்கள். வெஸ்ட்டைக் கடையின் மறுகோடியில், கொஞ்சம் இருட்டான மூலையில் தொங்கவிடச் சொல்லுங்கள். நல்ல பட்டை வெள்ளை வெளேரென்று எரியும். இப்போது போனைக் கையை நீட்டி விலக்கிப் பிடித்தால் பட்டென்று மங்க வேண்டும். விளக்கு வந்த திசைக்கே ஒளி திரும்புகிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்து வெஸ்ட்டைச் சற்றுத் திருப்பிச் சாய்த்து, மறுபடி கண்ணோரம் டார்ச் அடியுங்கள். சாய்ந்தாலும் நல்ல பட்டை எரியும். வெறும் பளபளப்பு பிளாஸ்டிக் பட்டை கண்ணாடி மாதிரி ஒரே ஒரு கோணத்தில் மின்னிவிட்டு அணைந்துவிடும். பைக்கில் உங்கள் முதுகு நேராக நிற்பதில்லை, குனிந்து ஓட்டும் வண்டியில் இன்னும் சாய்வு அதிகம். அதனால் இந்த இரண்டாவது சோதனையைக் கடைக்காரர் முறைத்தாலும் விட்டுவிடாதீர்கள்.

லேபிள்ல கிளாஸ் 1, கிளாஸ் 2ன்னு என்னென்னமோ போட்டிருக்கே?

மேலே சொன்ன 20471-இல் மூன்று வகுப்பு. முதல் வகுப்புக்கு ஒளிரும் துணி 0.14, பட்டை 0.10 சதுர மீட்டர். இரண்டாவதுக்கு 0.50, 0.13. மூன்றாவதுக்கு 0.80, 0.20. கையில்லாத வெஸ்ட் பொதுவாக இரண்டாம் வகுப்போடு நின்றுவிடும். மூன்றாம் வகுப்பு என்றால் முழுக்கையோ முழுக்காலோ சேர வேண்டும். ஆகவே சின்ன வெஸ்ட்டில் ‘கிளாஸ் 3’ என்று அச்சடித்திருந்தால் அந்த லேபிளையே சந்தேகப்படுங்கள். இந்தியத் தரம் ஐ.எஸ். 15809. இவையெல்லாம் சாலைப் பணியாளர்களை மனதில் வைத்து எழுதியவை என்றாலும், பைக்குக்கு வாங்கும்போதும் நல்ல அளவுகோல்தான்.

ரிஃப்ளெக்டர் போட்டா விழுந்தாலும் அடிபடாதுன்னு சொல்றாங்களே?

தப்பு. வெஸ்ட் மெல்லிய பாலியெஸ்டர், தாரில் உரசினால் நொடியில் கிழியும், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். விழாமல் இருக்க உதவுவது வெஸ்ட், விழுந்தால் காப்பது ரைடிங் ஜாக்கெட். ஜாக்கெட்டில் பார்க்க வேண்டிய எண்கள் வேறு: உடைக்கு ஈ.என். 17092 (ஏ, ஏஏ, ஏஏஏ என்று ஏறும்), தோள், முழங்கை பேடுக்கு ஈ.என். 1621-1, முதுகு பேடுக்கு 1621-2. பேடில் லெவல் 1-ஐவிட லெவல் 2 அடியை அதிகம் தாங்கும்.

முழு மஞ்சள் ரைடிங் ஜாக்கெட்டே வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் எங்களுக்கு அதில் அவ்வளவு பிரியம் இல்லை. ஃப்ளோரசென்ட் சாயம் வெயிலில் வெளுக்கும், அழுக்கும் சீக்கிரம் ஏறும். ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் ஜாக்கெட் இரண்டு கோடையில் எலுமிச்சைச் சாதம் மாதிரி ஆகிவிட்டால் மாற்ற மனசு வராது. உங்களுக்குப் பிடித்த நிறத்தில் நல்ல ஜாக்கெட், அதன் மேல் மாற்றக்கூடிய வெஸ்ட், இதுதான் செலவுக்கும் சரி.

மே மாச வெயில்ல இன்னொரு அடுக்கா? அதுவும் காத்துல படபடன்னு அடிக்குது.

வலைத்துணி வெஸ்ட் எடுங்கள், சூடு பெரிதாகத் தெரியாது. ஒன்று மட்டும்: வலையில் ஓட்டை இருப்பதால் ஒளிரும் பரப்பு குறைவு. பகல் ஓட்டம் அதிகம் என்றால் முதுகு முழுத் துணியாகவும் பக்கவாட்டு மட்டும் வலையாகவும் இருப்பது நல்லது.

படபடப்புக்குக் காரணம் பெரும்பாலும் அளவு. சட்டையோடு போட்டுப் பார்த்து வாங்கிவிட்டு ஜாக்கெட் மேல் போட்டால் இறுக்கும். அதற்குப் பயந்து ‘ஃப்ரீ சைஸ்’ வாங்கினால் காற்று உள்ளே புகுந்து பலூனாகும், பட்டை மடிந்து மறையும். எதன் மேல் போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். ஹேண்டில் பிடிக்கிற மாதிரி கையை நீட்டி, முன்னால் குனிந்தும் பாருங்கள். முன்புறம் ஜிப், இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டும் எலாஸ்டிக்கோ வெல்க்ரோவோ இருக்க வேண்டும். வெறும் வெல்க்ரோ மட்டும் வைத்தது அறுபதைத் தாண்டினால் பிரிந்துகொள்ளும்.

ஹெல்மெட்டுக்கு என்ன கலர் நல்லது? ஸ்டிக்கர் ஒட்டலாமா?

வெள்ளை, அல்லது மஞ்சள் போன்ற வெளிர் நிறம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு விபத்தில் காயம்படும் வாய்ப்பு கருப்பு போட்டவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. ஒளிரும் அல்லது ரிஃப்ளெக்டர் உடை போட்டவர்களுக்கு 37 சதவீதம் குறைவு. இப்படி உடுத்துகிறவர் இயல்பிலேயே நிதானமாக ஓட்டுபவராகவும் இருக்கலாம், அதனால் முழுப் புண்ணியமும் துணிக்கே சேராது. ஆனாலும் ஹெல்மெட்தான் காரின் கூரைக்கு மேலாகவும் தெரியும் ஒரே பொருள், அதை வீணாக்க வேண்டாம்.

ஸ்டிக்கர் ஒட்டலாம். பின்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு, இரு காதுப் பக்கமும் சின்னதாக. பிரான்ஸில் ஹெல்மெட்டில் இப்படி ஒட்டுவது சட்டமே. ஸ்ப்ரே பெயின்ட், தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைப்பது மட்டும் கூடாது, பிளாஸ்டிக் ஓடு உள்ளுக்குள் பலவீனமாகிவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரையை மறைத்து ஒட்டாதீர்கள்.

முதுகுல லேப்டாப் பேக், பின்னாடி வீட்டுக்காரம்மா. வெஸ்ட் யாருக்குத் தெரியும்?

யாருக்கும் தெரியாது. இந்தக் கேள்விதான் நிறையப் பேர் கேட்க மறப்பது. பை மாட்டினால் வெஸ்ட்டின் முதுகுப் பட்டை அத்தனையும் போச்சு. பட்டை வைத்த ஃப்ளோரசென்ட் மழை உறை முதுகுப் பைகளுக்குத் தனியாகக் கிடைக்கிறது, மழை இல்லாவிட்டாலும் மாட்டிக்கொண்டே ஓட்டுங்கள். டெலிவரி பெட்டி வைத்திருப்பவர் பெட்டியின் பின்பக்க நான்கு மூலையிலும் பட்டை ஒட்டினால், தூரத்திலிருந்தே அகலம் தெரியும்.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் கடைசியாக இருப்பவருக்குத்தான் வெஸ்ட். வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தால் அவருக்குக் கொடுங்கள். துப்பட்டாவையோ முந்தானையையோ வெஸ்ட்டுக்கு உள்ளே விட்டு ஜிப் போடச் சொல்லுங்கள். பட்டையும் மறையாது, சக்கரத்தில் சிக்குகிற ஆபத்தும் போகும்.

மழைக்கோட்டு போட்டா வெஸ்ட் உள்ளயா வெளியவா?

வெளியே. உள்ளே போட்டால் இல்லாததற்குச் சமம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டிகளைப் பாருங்கள், பாதிப் பேர் கருப்பு அல்லது கருநீல மழைக்கோட்டில்தான் இருப்பார்கள். வெளிச்சம் குறைவான நேரத்தில் இருப்பதிலேயே மோசமான நிறம் அது.

இன்னொரு சிக்கல்: கண்ணாடி மணிப் பட்டை நனைந்தால் மணிகளின் மேல் நீர்ப்படலம் படிந்து ஒளி வளையும் விதம் மாறிவிடும், பளபளப்பு வெகுவாகக் குறையும். தேன்கூடு அல்லது சின்னக் கட்டம் கட்டமாகத் தெரியும் பிரிசப் பட்டை மழையில் தாக்குப்பிடிக்கும். மழைக்கோட்டு புதிதாக வாங்குபவர் அந்த வகைப் பட்டையோடு வருவதைத் தேடுங்கள். வாங்கிய கோட்டில் தையல் போட்டுப் பட்டை வைத்தால் ஊசி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும்.

ஊட்டி, கொடைக்கானல் பனிமூட்டத்துல வேலை செய்யுமா?

ஓரளவுதான். மூட்டம் ஹெட்லைட் ஒளியைப் போகும்போதும் சிதறடிக்கும், திரும்பும்போதும் சிதறடிக்கும். பகல் மூட்டத்தில் ஃப்ளோரசென்ட் துணி உதவும். இரவு மூட்டத்தில் உங்கள் டெயில் லாம்ப்தான் துணை, துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி உள்ள ரோட்டில் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் வளைவு முடியும்வரை உங்கள் மேல் விழாது, அங்கே பட்டைக்கு வேலை கொஞ்சம்.

வண்டியில ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டிட்டா வெஸ்ட் வேண்டாமே?

இரண்டும் இருந்தால் நல்லது. வண்டியில் ஒட்டியது மறந்துபோகாது, பையில் மறையாது. பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒட்டுங்கள். முன்னால் சிவப்பு ஒட்டினால் எதிரே வருபவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்றே குழம்பும். நம்பர் பிளேட் மேல் எதையும் ஒட்டாதீர்கள்.

இருப்பதிலேயே பலன் அதிகம் தருவது சக்கர ரிம்மில் ஒட்டும் பட்டை. பக்கவாட்டில் விளக்கு பட்டால் சுழலும் வட்டமாகத் தெரியும், பார்த்ததும் இருசக்கர வண்டி என்று புரிந்துவிடும். ரிம்மை சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டி ஒரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள். பிரேக் டிஸ்க், டிரம் பிரேக் உரசும் இடம், டயர் வாய், காற்று வால்வு இவற்றில் படக்கூடாது.

பழைய ஜாக்கெட்ல நானே பட்டை தைக்கலாமா?

தைக்கலாம். இரண்டு இன்ச் தையல் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கும், மூன்று மீட்டர் போதும். பாலியெஸ்டர் நூலில், விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே ஒரே தையலாகப் போடச் சொல்லுங்கள். பட்டையின் நடுவே குறுக்குத் தையல் வேண்டாம். தோள், மேல்முதுகு, புஜத்தைச் சுற்றி ஒரு வளையம் முக்கியம். பை மாட்டினாலும் புஜ வளையம் வெளியே தெரியும், இன்டிகேட்டர் வேலை செய்யாதபோது கையைக் காட்டினாலும் தெரியும். பேடு இருக்கும் பாக்கெட்டோடு சேர்த்தும், நீர் புகாத உள் அடுக்கோடு சேர்த்தும் தைத்துவிடக்கூடாது என்பதை டெய்லரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எல்.இ.டி. மின்னுற வெஸ்ட் வருதே?

பட்டைக்கு மற்ற வண்டியின் வெளிச்சம் வேண்டும், எல்.இ.டி.க்கு வேண்டாம். அதுதான் அதன் ஒரே பெரிய பலன். சார்ஜ் தீரும், மழையில் ஸ்விட்ச் போகும். வாங்கினால் பட்டையும் சேர்ந்து இருப்பதாக, நிலையாக எரியும் சிவப்பாக வாங்குங்கள். சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னுவது போலீஸ் வண்டி மாதிரி தெரியும், வீண் வம்பு.

எப்படித் துவைக்கிறது? எப்போ மாத்தறது?

உள்பக்கம் வெளியே திருப்பி, சாதாரணத் தண்ணீரில், மிதமான சோப்பில் கையால் அலசுங்கள். பிளீச் சாயத்தைக் கொல்லும். துணி மென்மையாக்கும் திரவம் மணிகளின் மேல் படலமாகப் படியும். பிரஷ் போட்டால் மணி உதிரும். பட்டை மேல் இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். நிழலில் காய வையுங்கள், பைக் மேலேயே மடித்து வெயிலில் விட்டுப் போவதுதான் சாயம் வெளுக்க முதல் காரணம்.

ஓரத்து மடிப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் நிறத்தையும் வெளியே இருப்பதையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் பகல் வேலைக்கு அது முடிந்தது. பட்டைக்கு மேலே சொன்ன டார்ச் சோதனைதான், திட்டுத் திட்டாக இருண்டிருந்தால் மாற்றுங்கள். தரமான லேபிளில் எத்தனை துவைப்பு தாங்கும் என்று எண்ணே போட்டிருக்கும்.

எல்லாம் போட்டும் சந்துக்குள்ள இருந்து கார்க்காரன் குறுக்க விடறான். பார்க்கலையா, இல்ல வேணும்னே பண்றானா?

பெரும்பாலும் பார்த்தும் பதியவில்லை. கார், பஸ்ஸைத் தேடும் கண்ணுக்கு ஒல்லியான பைக் மனதில் ஏறுவதில்லை. உங்கள் வேகத்தைக் குறைத்தும் தூரத்தைக் கூட்டியும் எடை போடுவார்கள். இதற்கு எந்த வெஸ்ட்டும் முழு மருந்து இல்லை. இரவில் இன்னொன்றும் சேரும்: சந்திலிருந்து வரும் காரின் ஹெட்லைட் ரோட்டைக் குறுக்காக அடிக்கிறது, நீங்கள் அதற்குள் நுழையும்வரை பட்டை எரியாது. அங்கே உங்கள் ஹெட்லைட்டும் வேகத்தைக் குறைத்த கையும்தான்.

லாரிக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. கார் டிரைவரின் கண் ஹெட்லைட்டுக்கு அரை மீட்டர் சொச்சம் மேலே, லாரி டிரைவருக்கு அதைவிட வெகு உயரத்தில். பட்டை ஒளியை ஹெட்லைட் பக்கமே அனுப்புவதால், நெருங்க நெருங்க லாரி டிரைவருக்கு அது மங்கும். தூரத்தில் பார்த்திருப்பார் என்ற தைரியத்தில் லாரியின் முன்னே ஒட்டி ஓட்ட வேண்டாம்.

இது கட்டாயமா? போலீஸ் பிடிப்பாங்களா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட்டைத்தான் கட்டாயமாக்குகிறது. சொந்த வண்டி ஓட்டுபவருக்கு வெஸ்ட் கட்டாயம் இல்லை. பிரான்ஸில் 2016 முதல் பைக்கில் ஒரு வெஸ்ட் வைத்திருக்க வேண்டும், வழியில் வண்டி நின்றுபோய் இறங்கினால் போட்டுக்கொள்வதற்காக. அந்த வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். பைபாஸில் பஞ்சராகி, குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டெயில் லாம்ப்பை உங்கள் உடம்பே மறைத்திருக்கும்.

வெளுத்துப்போன பழைய வெஸ்ட்டைத் தூக்கிப் போட்டுடலாமா?

சாயம் மட்டும் போயிருந்தால் சீட்டுக்கு அடியில் சுருட்டி வையுங்கள், இரவில் பஞ்சரானால் உதவும். பட்டை போய்த் துணி மட்டும் நன்றாக இருந்தால், பகலில் மட்டும் வயலுக்கோ கடைக்கோ வண்டி எடுக்கும் யாருக்காவது கொடுக்கலாம். இரண்டும் போயிருந்தால் செயின் துடைக்கத்தான்.